மணமேடைக்குப் பின்னால் கட்டிய காகிதப்பூ

காகிதப்பூ செய்யத் தெரியாதவர்கள் நம் வயதில் குறைவு. பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பு என்று ஒன்று இருந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். கிரேப் தாளை நீளவாக்கில் வெட்டி, ஓரத்தைப் பென்சிலில் சுருட்டி, அடியைக் கொசுவம் மாதிரி மடித்துப் பிடித்து நூலால் இறுக்கினால் ரோஜா. ஓரத்தைப் பொடிப்பொடியாய் நறுக்கிவிட்டுச் சுற்றினால் செவ்வந்தி. நீங்கள் ஆளுக்கு நாலைந்து செய்து டீச்சர் மேஜையில் வைத்திருப்பீர்கள். நான் ஒரு கோடை முழுக்க அதை மட்டும்தான் செய்தேன். ஒரு கல்யாண மேடையின் பின்பக்கத்தை முழுசாக மறைக்கிற அளவுக்கு. என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "ஜாலியா இருந்திருக்குமே" என்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். நாங்கள் மூன்று பேர்தான். அந்த வருஷம் மாசி பிறந்ததிலிருந்தே அம்மா தூங்கவில்லை. துவைத்துக் காய்ந்த துணியை மறுபடி நனைத்துத் துவைப்பாள். பாத்திரங்களை எல்லாம் வாசலில் கொண்டுபோய் வரிசையாக அடுக்கிவிட்டு, யாரோ வந்து எண்ணிப் பார்க்கப்போகிறார்கள் என்பாள். நான் பள்ளிக்கூடம் போகும்போது தெரு முனைவரை பின்னால் வந்து, "ஏத்தா, யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத" என்று காதில் சொல்வாள். ஒருநாள் காலையில் அப்பாவும், சின்னாளபட்டியிலிருந்து வந்திருந்த பெரியப்பாவும் அவளை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று எனக்குச் சொல்லப்பட்டது. காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். யாருமே அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் அப்பா என்னைச் சின்னாளபட்டியில் பெரியம்மா வீட்டில் விட்டார். பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பெரியப்பா வீட்டோடு தறி போட்டிருந்தார். காலையில் கண் விழிக்கும்போதே தறிச் சத்தம் கேட்கும். மத்தியானச் சோற்றுக்கு அது நிற்கும்போதுதான் தெருவில் காக்காய் கத்துவதே காதில் விழும். வீடு முழுக்கச் சாய வாடையும் கஞ்சி வாடையும். அப்பா ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, "சேட்டை பண்ணாம இரு, அப்பா வாரேன்" என்று சொல்லிப் போனார். அந்தக் கோடையில் அவர் ஒரே ஒரு முறைதான் வந்தார். லீவு கிடைத்தால் மதுரைக்குப் போவார் என்று எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவரும் என்னை விட்டுவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் அப்போது கல்யாணப் பேச்சு. பெரியம்மாவின் ஒரே மகளை, நான் அக்கா என்று கூப்பிடுகிறவளை, நெய்க்காரப்பட்டியில் பேசி முடித்திருந்தார்கள். வைகாசியில் முகூர்த்தம். நான் வந்த அன்றே பெரியம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டாளுக வருவாக, போவாக. உங்கம்மா எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"ஆஸ்பத்திரியிலன்னு சொல்லுவேன்."

"அதத்தான் சொல்லக்கூடாது. அப்பாவோட திருப்பூர்ல இருக்குன்னு சொல்லணும். புரியுதா? அக்கா கலியாணம் நல்லா நடக்கணும்ல?"

தலையாட்டினேன். அக்கா கல்யாணத்துக்கும் அம்மாவின் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. சித்திக்குப் புத்தி பேதலித்தது என்றால், பெண்ணுக்கும் வந்துவிடுமோ என்று அந்தக் காலத்தில் சம்பந்தம் முறிந்துபோகும். அது பின்னால் எனக்குப் புரிந்தது. அன்றைக்குப் புரிந்ததெல்லாம் அம்மா ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்பதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சேலை பார்க்க வந்தார்கள். சுங்குடிச் சேலைகளை விரித்துப் போட்டிருந்தார்கள். நான் தூணோரம் நின்றிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, நல்ல உயரம், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏங்கண்ணு, இது நல்லாருக்குதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கம்மாகிட்ட இதே மாதிரி..." என்று ஆரம்பித்தேன். பெரியப்பா சட்டென்று எழுந்தார். "ஏ பாப்பா, ஓடிப்போயி கடையில கலர் வாங்கிட்டு வா" என்று என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டே போனார். நான் கலர் பாட்டில்களோடு திரும்பியபோது சேலைகளை மடித்து வைத்திருந்தார்கள். என்னை மாடிக்குப் போகச் சொன்னார்கள்.

மறுநாள் பெரியப்பா திண்டுக்கல் போய் வந்தார். கையில் ஒரு பெரிய உருளை. பிரித்தால் கிரேப் தாள்: சிவப்பு, ரோஸ், மஞ்சள், வாழைப்பச்சை. அவ்வளவு நிறத்தை மொத்தமாக நான் அதுவரை பக்கத்தில் பார்த்ததில்லை.

"மேடைக்குப் பின்னால திரை கட்டப் போறோம். முழுக்கப் பூவு. நீதான் பண்ணணும். உனக்கு வரும்ல?" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய மனுஷர் என்னை நம்பி ஒரு வேலை தந்திருக்கிறார். அன்றே மாடி அறையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாள் என்னை மாடியிலேயே வைத்திருக்க வாங்கியது என்பது எனக்குப் பிள்ளை பிறந்து, அதை அடம்பிடிக்காமல் உட்கார வைக்க ஒரு விளையாட்டுச் சாமானைக் கையில் கொடுத்த அன்றைக்குத்தான் உறைத்தது. பெரியப்பா கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த வழி அது.

மாடி அறை நூல் போட்டு வைக்கிற இடம். ஓட்டுக் கூரை. மத்தியானத்தில் ஓட்டிலிருந்து சூடு தலையில் இறங்கும். விசிறியை எடுத்தால் தாள் பறக்கும். அதனால் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பேன். கட்டுவதற்குத் தறியில் மிஞ்சிய நூல். ஒட்டுவதற்கு மைதாப் பசை. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்திருந்ததால் கையை வாயில் வைக்காதே என்று பெரியம்மா தினமும் படியிலிருந்து கத்துவாள். அவள் மேலே வருவதில்லை. சோறும் வெஞ்சனமும் படியின் மேல்கட்டில் வரும். "புள்ள சமத்து. அம்மாவத் தேடவே இல்ல, அது பாட்டுக்குப் பூப் பண்ணிக்கிட்டு இருக்கு" என்று பக்கத்து வீட்டாரிடம் அவள் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்கும்.

அம்மாவைத் தேடாத நேரம் எது என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தேடுவது வெளியே தெரியாமல் இருக்கக் கை ஓடிக்கொண்டே இருந்தால் போதும் என்பதைக் கண்டுபிடித்திருந்தேன். தெருவில் யாராவது "ஏத்தா" என்று எந்தப் பிள்ளையையாவது கூப்பிட்டால் நூலை இன்னும் ஒரு சுற்று இறுக்குவேன். செய்த பூக்களைச் சுவரோரம் குவித்து வைப்பேன். ஜன்னல் கம்பி வழியாகச் சிட்டுக்குருவிகள் வந்து மஞ்சள் பூக்களிலிருந்து இதழைப் பிய்த்துக்கொண்டு போகும். நான் விரட்டியதில்லை. நாள் முழுக்க அந்த அறைக்கு வருகிறவை அவை மட்டும்தான்.

அக்கா எப்போதாவது வருவாள். கல்யாணப் பெண் வெயிலில் போகக்கூடாது, கிணற்றடிக்குப் போகக்கூடாது என்று அவளையும் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். நூல் மூட்டைமேல் தலைவைத்துப் படுத்துக்கொள்வாள். பூச்செய்ய மாட்டாள். ஒருநாள் ஓட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்குச் சித்தி ஞாபகம் வருதா?"

"இல்ல."

"எனக்கு வருது. எனக்குத் தலை பின்னிவிட்டது பூரா சித்திதான். அது கலியாணம் ஆகித் திருப்பூர் போற வரைக்கும் எங்கம்மா என் தலைய தொட்டதே இல்ல." மூட்டைமேல் புரண்டு படுத்தாள். "அது இல்லாம எப்படிடி நான் மேடையில போயி உக்காருவேன்?"

நான் பூவைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அம்மாவைப் பற்றி யார் கேட்டாலும் பேசக்கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்கள். அக்காவும் அதில் சேர்த்தியா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை மூட்டைக்குள் புதைத்துக்கொண்டாள். இறங்கிப் போனபோது கண் சிவந்திருந்தது. கீழே பெரியம்மா, "பெறந்த வீட்ட விட்டுப் போறோம்ல, அப்படித்தான் இருக்கும்" என்று யாரிடமோ சொன்னாள். ஒரே ஆளை நினைத்து இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தோம். ஒருத்திக்கு ஒருத்தி உதவவில்லை.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் பேச்சு மாறியது. பெண்ணின் சித்தி கல்யாணத்துக்கே வரவில்லை என்றால் கேட்பார்களே? அதனால் அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, அப்பா கூட இருந்து பார்த்துக்கொள்கிறார், இருவரும் வர முடியாது என்று முடிவு செய்தார்கள். "இன்னும் தண்ணி ஊத்தலன்னு சொல்லு" என்று பெரியம்மா கற்றுக்கொடுத்தாள். அந்தப் பொய்க்காக அப்பாவும் வராமல் போனார். நான் அம்மாவுக்கு நிஜமாகவே அம்மை போட்டுவிட்டதாக நினைத்து, ஒரு ராத்திரி வேப்பிலை வைக்க அங்கே யார் இருப்பார்கள் என்று அழுதேன்.

பந்தல்காரர் வந்து மூங்கில் சட்டம் அடித்தார். பழைய கொசுவலை ஒன்றை நீலச் சாயத்தில் முக்கி அதில் இழுத்துக் கட்டினார்கள். அதில் நான் பூக்களை வைத்துக் கட்டினேன். ஓரத்தில் பச்சை இலை, உள்ளே மஞ்சள், நடுவில் சிவப்பு ரோஜாக்களை நெருக்கி நெருக்கி. எட்டாத இடத்துக்கு ஸ்டூல் போட்டு ஏறினேன். முடிந்ததும் பந்தல்காரர் பின்னால் தள்ளிப் போய் நின்று பார்த்து, "ஏ அப்பா!" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை நான் பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

முகூர்த்தம் வீட்டு வாசலில், தெருவை அடைத்துப் போட்ட கீற்றுப் பந்தலில். மேளம், சந்தன வாடை, ஜனம். திரைக்கு முன்னால் அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரர், "பேக்கிரவுண்டு பிரமாதங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் மேடையேறி இதழைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"யாருங்க பண்ணுனது இதைய?"

நான் மேடைக்குக் கீழேதான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "காந்திகிராமத்துப் பக்கம் ஒரு டீச்சரம்மா இருக்காக. சொல்லிப் பண்ணுனது" என்றாள்.

தங்கச்சி மகள் என்று அவள் சொன்னால், தங்கச்சி எங்கே என்று அடுத்த கேள்வி வரும். நியாயம்தான், இப்போது யோசித்தால். அப்போது நான் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, திரையின் பின்பக்கம் போய் நின்றேன். பின்பக்கத்தில் பூ இல்லை. நான் போட்ட முடிச்சுகள்தான் இருந்தன.

தாலி கட்டி, பந்தி நடந்துகொண்டிருந்தபோது மழை வந்தது. சிறுமலைப் பக்கம் கறுத்தது தெரியும்; இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. காற்று முதலில் கீற்றைத் தூக்கியது. பிறகு கொட்டியது. "அண்டாவத் தூக்கு! ஜமுக்காளத்த எடு! சோத்த மூடு!" என்று சத்தம். வாடகை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் உள்ளே கூட்டிப்போனார்கள். பந்தல் காலியானது. திரை மட்டும் நின்றது.

நான் மேடையேறினேன். சட்டத்தை என்னால் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் பாவாடையில் போட்டுக்கொண்டேன். கையில் எடுக்கும்போதே ரோஜா கூழாகி விரலோடு வந்தது. அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பெரிய கைகள் சட்டத்தைப் பிடித்தன. மாப்பிள்ளையின் அம்மா. பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தார்.

"நீ அந்தக் கயித்த அவுரு கண்ணு. நான் புடிச்சுக்கறேன்."

இருவரும் சேர்ந்து சட்டத்தை இறக்கி மேடைக்கு அடியில் தள்ளினோம். அங்கேயே அவரும் குனிந்து உட்கார்ந்தார். பலகை இடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"டீச்சரம்மா பண்ணுன பூவுக்கு நீ எதுக்கு நனையற?" என்றார்.

பாவாடையில் கிடந்த பூக்களை இரண்டு கையாலும் மூடினேன்.

"உங்கம்மாளுக்கு அம்மை எறங்கிருச்சா?"

"இன்னும் தண்ணி ஊத்தல" என்றேன், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

அவர் முந்தானையைப் பிழிந்து என் தலையைத் துவட்டினார். துவட்டிக்கொண்டே சொன்னார். "எங்கூட்டுக்குப் பக்கத்தூட்டுப் பொம்பளயோட மக மருதையில அந்த ஆஸ்பத்திரியிலதான் ஆயா வேலை பாக்குது சாமி. நாங்க பொண்ணு பாக்க வாரதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். எம்பையனுக்கும் தெரியும். சீக்கு யாருக்குத்தான் வரல? உங்க பெரியப்பன் சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. சரி, அவிக பயம் அவிகளுக்குன்னு உட்டுட்டேன்." என் முகத்தை நிமிர்த்திக் கேட்டார். "நீ போய்ப் பாத்தியா அம்மாள?"

இல்லை என்று தலையாட்டினேன். அந்தக் கோடை முழுக்க அம்மாவைப் பற்றி நேராக என்னிடம் கேட்ட பெரியவர் அவர் ஒருவர்தான். அழுகை வந்தது. மழைச் சத்தத்தில் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அழ முடிந்தது.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் பெண் மாப்பிள்ளையோடு அவரும் வந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"ஏனுங்க சம்பந்தி, பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியவிக எல்லாத்துகிட்டயும் விழுந்து கும்பிட்டாச்சு. பொண்ணோட சித்தி மட்டும் பாக்கி. நாளைக்கு மருதைக்குப் போய்ட்டு வந்தரலாமுங்களா?"

பெரியப்பா வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். திருப்பூர் என்று சொல்ல வாயெடுத்து, சம்பந்தியம்மா மதுரை என்று சொன்னது அப்போதுதான் உறைத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சொல்லிருக்கணும்ங்க. தப்புத்தான்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். தங்கைக்காக அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அவளுக்கு வருத்தமே இல்லை என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரியில் கம்பி போட்ட நீண்ட வராந்தா, வேப்பமரங்கள், தரை கழுவிய மருந்து வாடை. அம்மாவைப் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முகம் உப்பியிருந்தது. பேச்சு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. அக்கா காலில் விழுந்ததும் அவள் கழுத்தில் கிடந்த புதுத் தாலியைத் தொட்டுப் பார்த்து, "எப்ப?" என்றாள். மாப்பிள்ளைதான், "வெள்ளிக்கிழமைங்க அத்தை" என்றார்.

பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். பக்கத்தில் போக எனக்குப் பயமாக இருந்தது. கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டு விரல்களை விரித்துப் பார்த்தாள். மழையில் நனைந்த தாளைப் பிய்த்ததில் ஏறிய சாயம்; எவ்வளவு தேய்த்தும் போகாமல் உள்ளங்கையும் நகக்கண்ணும் சிவந்து கிடந்தன.

"கலியாணத்துக்கு மருதாணி வச்சியா?" அவள் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. "நல்லாப் புடிச்சிருக்கு. யாரு வச்சு விட்டா?"

"பெரியம்மா" என்றேன்.

அம்மா என் கையை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "வாசம் போயிருச்சு" என்றாள். பிறகு பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்து, "எம்புள்ளைய ஒத்தையில விடாமப் பாத்துக்கிட்டயேக்கா" என்றாள்.

பெரியம்மா வேப்பமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். சின்னாளபட்டியில் இறங்கியதும் எல்லாரும் வீட்டுக்கு நடக்க, அவள் மட்டும் அடுத்த தெருவுக்குப் போய், மடி நிறைய எதையோ பறித்துக்கொண்டு வந்தாள். வந்த சேலையை மாற்றாமல் அம்மி முன்னால் உட்கார்ந்து அரைத்தாள். விளக்கு வைக்கிற நேரம். என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, இரண்டு உள்ளங்கையிலும், அந்தச் சாயத்தின் மேலேயே, குளிரக் குளிர மருதாணியை அப்பினாள். ஒவ்வொரு விரலுக்கும் தொப்பி வைத்தாள்.

"எதுக்குப் பெரியம்மா?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரமும் போகணும்ல" என்றாள். "மோந்து பாத்தா வாசம் இருக்கணும்."